ஆழாக்கு சொல்லிக் கொடுத்த பின்னக் கணக்கு



பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கல்யாணம், குழந்தை என்று வீட்டோடு இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு குரூப் 4 தேர்வு பெரிய நம்பிக்கை. 2025 ஜூலையில் நடந்த தேர்வில் 200 கேள்வி, 300 மார்க். தமிழும் பொது அறிவும் எப்படியாவது படித்துவிடலாம். கணக்கும் புத்திக்கூர்மையும் சேர்ந்த 25 கேள்விதான் மிரட்டும். கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் முப்பத்தேழரை மார்க்! ஒரு மார்க்கில் வேலை கைநழுவிப் போகிற போட்டியில் இதை எப்படி விடுவது?

எனக்கு 33 வயசு. இளநிலை உதவியாளர் வேலைக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. அதனால் அடுத்த தேர்வுக்குத் துணிந்து உட்கார்ந்தேன். மகளின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தால் முதல் முட்டுக்கட்டையே பின்னம்தான். சதவீதம், வட்டி, ஆள்-வேலை கணக்கு எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. பயிற்சி வகுப்பிலோ "குறுக்கே பெருக்கு, தலைகீழாய்த் திருப்பு" என்று சூத்திரம் மட்டும்தான். ஏன் என்று கேட்டால், "அப்படித்தாம்மா, மனப்பாடம் பண்ணிக்கோ." மறுநாளே மறந்து போகும்.

வழி காட்டினது மூணாவது வரைக்கும் படித்த என் மாமியார். "உழக்கு கால் படி, ஆழாக்கு அரைக்கால் படி. ரெண்டையும் சேர்த்து அளந்தா எத்தனை ஆழாக்கு, சொல்லு பார்ப்போம்" என்றார். உழக்கில் ரெண்டு ஆழாக்கு, அதோடு ஒன்று, ஆக மூன்று. படிக்கு எட்டு ஆழாக்கு ஆச்சே! அப்போ 1/4 + 1/8 = 3/8. பகுதியைச் சமமாக்கு என்று புத்தகம் சொல்வது, ரெண்டையும் ஒரே அளவையால் அளக்கச் சொல்வதுதான். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினால் 2/12, அதாவது 1/6 வரும். அது உழக்கை விடக் குறைச்சல். அரிசியைச் சேர்த்த பிறகு குறையுமா என்ன?

வகுத்தலுக்கு என் தையல் மெஷின். 3 மீட்டர் துணி, ஜாக்கெட்டுக்கு முக்கால் மீட்டர். மூணு மீட்டரில் 12 கால் மீட்டர் இருக்கிறது. ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கால் போகும். 12-ஐ மூன்றால் வகுத்தால் 4 ஜாக்கெட். நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தோம் பாருங்கள், தலைகீழாய்த் திருப்புவது இதுதான்!

ஆள்-வேலையும் அப்படியே. ஒருத்தி 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருத்தி 6 நாளில் முடிப்பாள். ஒரு நாளில் 1/12-ம் 1/6-ம் சேர்ந்து 3/12, அதாவது கால் பங்கு வேலை. ரெண்டு பேரும் சேர்ந்தால் நாலே நாள்.

பவுனுக்கு 8 கிராம் என்றால் அரைக்கால் பவுன் ஒரு கிராம்தானே? நகைக்கடையில் நாம் போடாத கணக்கா! மாமியாருக்கு மாகாணி 1/16, முந்திரி 1/320 வரைக்கும் வாயில் நிற்கிறது. என் மகளுக்கு அரைக்கால் என்றாலே சிரிப்பு வருகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு தினமும் பத்துக் கணக்கு போடுகிறேன். தனிவட்டி வரைக்கும் வந்தாச்சு. கூட்டுவட்டிதான் இன்னும் பிடிபடவில்லை. சீட்டு, நகைக்கடன் என்று வீட்டு வழியில் அதைப் புரிந்துகொண்ட சகோதரிகள் யாராவது இருந்தால், இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, மன்னார்குடி.