எனக்கு நாலு வீடு... ஒண்ணுலயும் நாற்காலி இல்லை!

எனக்கு மொத்தம் நாலு வீடு.

'இந்த ஆளுக்கு ஏது இவ்வளவு பணம்?' என்று உடனே இன்கம்டாக்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். ஒரு வீடு பீரோ மேலே இருக்கிறது. இன்னொன்று கட்டிலுக்கு அடியில். மூன்றாவது பரணில், பழைய சூட்கேஸுக்குப் பக்கத்தில். நாலாவது வீடு டைனிங் டேபிளில் முக்கால்வாசியை ஆக்கிரமித்துவிட்டதால், சில மாதங்களாக நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். (உடம்புக்கு அதுதான் நல்லதாம்!)

நாலும் பொம்மை வீடுகள். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொத்தனார், ஆசாரி, சித்தாள் எல்லாமே நான்தான். கூலி கிடையாது. திட்டு மட்டும் உண்டு.

ஆரம்பித்து வைத்தது என் பெண். அவளுடைய அஞ்சாவது பிறந்த நாளுக்கு ஒரு பொம்மை வீடு கேட்டாள். கடைக்குப் போனோம். ரோஸ் கலர் பிளாஸ்டிக் வீடு. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸே அவ்வளவு கிடையாது! "இதுவா வீடு? அப்பா கட்டித் தர்றேன் பாரு" என்று வீரம் பேசிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்குப் பிடித்த சனி... இல்லை, சந்தோஷம்.

பொம்மை வீட்டுக்கு உலகம் பூரா ஒரு கணக்கு இருக்கிறது. நிஜத்தில் ஒரு அடி, பொம்மையில் ஒரு அங்குலம். பன்னிரண்டில் ஒரு பங்கு. ஏழடி வாசல் என்றால் ஏழு அங்குலம். பத்தடி உயர ஹால் பத்து அங்குலம். பி.காம். படித்தவனுக்கு இது ஜுஜுபி என்றுதான் நினைத்தேன்.

முதல் அடி சுவரில் விழுந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் நாலு பக்கமும் எழுப்பிப் பார்த்தால், என்னவோ கல்யாண வீட்டு ஸ்வீட் பாக்ஸ் மாதிரி இருந்ததே தவிர வீடு மாதிரி இல்லை. ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நிஜ வீட்டில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். அப்படியானால் பொம்மை வீட்டில் முக்கால் அங்குலம் வேண்டாமா? அட்டைப்பெட்டியை வெட்டி, நாலு அட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். ஜன்னலுக்கு ஓட்டை போட்டதும் உள்ளே ஒரு திண்டு தெரிந்தது பாருங்கள்... பூனை ஏறி உட்காரலாம் போல! அந்த நிமிஷம் அது வீடாகிவிட்டது.

அடுத்து மாடிப்படி. பத்தடி உயரத்துக்கு ஏழரை அங்குலப் படி வைத்தால் பதினாறு படி. பொம்மைக் கணக்கில் ஒரு படி சுமார் 16 மில்லிமீட்டர். அழகாக வெட்டி ஒட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது படியில் சுவர் வந்துவிட்டது! மாடிக்குப் போக இன்னும் நாலு படி பாக்கி. அப்புறம் எட்டாவது படியில் ஒரு திருப்பம் வைத்துத்தான் மேலே ஏற முடிந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மாடிப்படி எங்கே திரும்புகிறது என்பதைத்தான். வீட்டுக்காரர் காபி கொடுத்தாரா என்பதெல்லாம் அப்புறம்.

ஜன்னல் கம்பிக்கு ஈர்க்குச்சி. மொட்டைமாடித் தரைக்கு உப்புத்தாள். ஓட்டுக்கு, பெட்டி அட்டையின் மேல்தாளை உரித்தால் உள்ளே வருகிற நெளி. செங்காவி அடித்துவிட்டால் தூரத்திலிருந்து சீமை ஓடு தோற்றுவிடும். மூணு மாசத்தில் வீடு முடிந்தது. பெண்ணின் பிறந்த நாளும் முடிந்து மூணு மாசம் ஆகியிருந்தது.

அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, சோபா எங்கே?"

"அடுத்த வாரம்."

"கட்டில்?"

"அதுவும் அடுத்த வாரம்."

அடுத்த வாரம் நான் இரண்டாவது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதுதான் சார் என் வியாதி. கட்டுவேன், கட்டுவேன், கூரை வரைக்கும் கட்டுவேன். உள்ளே ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னால் கை ஓடாது. என் சம்சாரம் ஒரு நாள் சொன்னாள்: "ஏங்க, நாலு வீடு கட்டியும் ஒருத்தரும் குடிவராத ஊர் நீங்க கட்டினதாத்தான் இருக்கும்."

பதிலுக்கு நான் காமர்ஸ் பேசினேன். "கட்டறது கேப்பிடல் செலவு. ஒரு தடவை முடிஞ்சா முடிஞ்சது. அலங்காரம் ரெவின்யூ செலவு. வருஷா வருஷம் திரைச்சீலை மாத்தணும், குஷன் மாத்தணும், முடிவே கிடையாது." அவள் பதில் பேசவில்லை. எங்கள் நிஜ ஹாலில் அஞ்சு வருஷமாகத் தொங்கும் ஒரே திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

இன்னொரு சாக்கும் வைத்திருக்கிறேன். இது நிஜமான சயின்ஸ். சுவரைச் சின்னதாக்கலாம், கதவைச் சின்னதாக்கலாம். துணியைச் சின்னதாக்க முடியாது! நூலின் தடிமன் அதேதான். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மேஜைவிரிப்பு வெட்டிப் போட்டால் அது தொங்காது. குடை மாதிரி விரைத்துக்கொண்டு நிற்கும். நீளமும் அகலமும் பன்னிரண்டில் ஒரு பங்கானால் எடை 144-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தொங்குவதற்குத் துணியில் கனமே இருப்பதில்லை.

நம் ஊரில் இந்த விஷயத்தில் ஆம்பிளைகளுக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. பெண்பிள்ளைகள் மணலில் கட்டுகிற சின்ன வீட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயர். அதைக் காலால் உதைத்துக் கலைப்பதுதான் பையன் வேலை. பிள்ளைத்தமிழில் அதற்கென்றே ஒரு பருவம்! கட்டின வீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவதற்காகவே நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் பாடிவைத்திருக்கிறாள் ஆண்டாள். அந்தப் பரம்பரையில் வந்த நான் உதைக்காமல் கட்டுகிறேனே, அதற்காவது ஒரு சபாஷ் போடக் கூடாதா?

என்னைப் போல வேறு யாராவது இருக்கிறார்களா என்று படிக்க ஆரம்பித்தேன். பொம்மை வீட்டு உலகத்தில் ரெண்டு கட்சி உண்டு: கட்டுகிற கட்சி, நிரப்புகிற கட்சி. பேரும் புகழும் ரெண்டாவது கட்சிக்குத்தான்!

ஹாலந்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்று ஒரு பணக்கார அம்மாள். 1686 முதல் 1710 வரை ஒரு அலமாரிக்குள் வீடு செய்துகொண்டே இருந்தார். சீனாவிலிருந்து குட்டிக் குட்டிப் பீங்கான் சாமான்கள் வரவழைத்தார். மொத்தச் செலவு 20,000-லிருந்து 30,000 கில்டர் என்கிறார்கள். அந்தக் காசுக்கு ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் ஓரமாக ஒரு நிஜ வீடே வாங்கியிருக்கலாம். அந்த அலமாரி இப்போது அங்கே ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

சிகாகோவில் நார்சிஸா தோர்ன் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். 'வீடே வேண்டாம், அறை மட்டும் போதும்' என்று முடிவு கட்டிவிட்டார். 1932 முதல் 1940 வரை அவருடைய மேற்பார்வையில் செய்த 68 குட்டி அறைகள் அந்த ஊர் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. அறைகளில் விளக்கு, கம்பளம், நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே தோட்டம். ஆனால் மேலே கூரை கிடையாது, வெளியே மாடிப்படி கிடையாது. எனக்கு நேர் எதிர்! என் வீடுகளையும் அவர் அறைகளையும் சேர்த்து வைத்தால் ஒரு முழுக் குடித்தனம் தேறும்.

என் கட்சிக்கு ஒரே ஒரு வி.ஐ.பி. கிடைத்தார். எட்வின் லுட்யன்ஸ். புது டெல்லியில் இன்றைய ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, அவரேதான். அந்த மாளிகை எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1921-லிருந்து 1924-க்குள் இங்கிலாந்தின் மேரி ராணிக்காக ஒரு பொம்மை மாளிகையையும் கட்டினார். அதே பன்னிரண்டில் ஒரு பங்கு கணக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். 1924-ல் வெம்ப்ளி கண்காட்சியில் அதைப் பார்க்க 16 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. 'பார்த்தாயா, ராஷ்டிரபதி பவன் கட்டினவரே நம்ம ஆள்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அடுத்த பாராவில்தான் போட்டிருந்தது: உள்ளே இருக்கும் சாமான்களைச் செய்வதற்கு 1,500 பேருக்கு மேல் உழைத்தார்களாம். லுட்யன்ஸுக்கு ஆள் இருந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்?

என் வாயை அடைத்தவர் அமெரிக்காவின் ஃபிரான்ஸெஸ் க்ளெஸ்னர் லீ அம்மையார். 1940-களில் அவர் செய்த பொம்மை அறைகளில் விளையாட முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு பிணம்! கொலையா, தற்கொலையா, விபத்தா என்று பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லாமல் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக, போலீஸ்காரர்களுக்கென்றே செய்த அறைகள். குண்டூசிகளை வைத்துக்கொண்டு பொம்மைக்குக் காலுறை பின்னுவாராம் அந்தப் பாட்டி. நியூ ஹாம்ப்ஷைர் மாநிலப் போலீஸ் 1943-ல் அவருக்குக் கேப்டன் பதவியே கொடுத்தது. அந்த அறைகளில் 18 இன்றைக்கும் பால்டிமோரில் இருக்கின்றன. அவர் நம்பியது ஒன்றே ஒன்று: ஒரு அறையில் என்ன நடந்தது, யார் வாழ்ந்தார்கள் என்று சொல்வது சுவர் இல்லை. உள்ளே இருக்கிற சாமான்.

படித்துவிட்டு என் நாலு காலி வீட்டையும் பார்த்தேன். துப்பறிய ஒரு தடயம்கூட இல்லை.

இந்த நாலாவது வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் கிளார்க். வாழ்நாள் பூராவும் வாடகைப் போர்ஷன். மாசம் முடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் வீடு வரைவார். ஒன்றரை கிரவுண்டில் ஒரு மனையும் வாங்கிப் போட்டிருந்தார். அக்கா கல்யாணத்தில் மனை போயிற்று. வரைவதை மட்டும் விடவில்லை. 2016-ல் அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் அந்தத் தாள்கள் கட்டாகக் கிடைத்தன. அதில் கடைசியாக வரைந்த பிளானை எடுத்துத்தான் நாலாவது வீட்டை ஆரம்பித்தேன். திண்ணை, ரேழி, ஹால், ரெண்டு ரூம், பின்கட்டில் கிணறு. அடிக்கு ஒரு அங்குலம், துளி பிசகாமல்.

கூரை போடுவதற்கு முன்னால் ஊரிலிருந்து அம்மா வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். எதுவும் பேசவில்லை. அப்புறம் விரலைச் சமையல்கட்டுக்குள் விட்டாள்.

"மேடை எங்கடா?"

"அதெல்லாம் உள்வேலைம்மா. நான் பண்றதில்லை."

"அப்பா போட்டிருந்தாரே..."

தாளைப் பிரித்துக் காட்டினேன். நான் சுவர்க் கோடுகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். சமையல்கட்டு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது: 'மேடை உயரம் 2½ அடி.'

"ஏம்மா இவ்வளவு குட்டை?"

"நான் குட்டை இல்லையா? அந்தப் போர்ஷன்ல மேடை எனக்கு எட்டாது. இருபது வருஷம் மணைப்பலகை மேல நின்னுதான் சமைச்சேன். நம்ம வீட்டுல உனக்கு அது வேண்டாம்னு சொல்லிண்டே இருப்பார்."

அந்தப் பலகை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் ஏறி நின்று நான் விளையாடியிருக்கிறேன். அது ஏன் அடுப்படியில் கிடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு ராத்திரி முதல் முறையாக உள்வேலை செய்தேன். இரண்டரை அங்குல உயரத்தில் ஒரு மேடை. மேலே கறுப்பு சார்ட் ஒட்டி, சம்சாரத்தின் நகப்பூச்சில் நிறமில்லாததைத் தடவியதும் கடப்பாக்கல் மாதிரியே பளபளத்தது. காலையில் எழுந்து பார்த்தால் அதன்மேல் டூத்பேஸ்ட் மூடி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. "பாட்டிக்குக் குக்கர்" என்றாள் என் பெண். பக்கத்தில் தீப்பெட்டியில் ஒரு கட்டில். தலகாணி பஞ்சு, போர்வை என் பழைய கைக்குட்டை. சயின்ஸ்படி அந்தப் போர்வை விரைத்துக்கொண்டுதான் நின்றது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அம்மா குனிந்து மேடையை இன்னொரு தரம் பார்த்தாள்.

"உயரம் சரியா இருக்குடா" என்றாள்.

பிளானில் ஹாலுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதற்குள் 'ஊஞ்சல்' என்று எழுதியிருக்கிறார் அப்பா. அதை எப்போது போடப்போகிறாய் என்று மூணு தலைமுறைப் பெண்களும் சேர்ந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம்!