பழைய ட்ரோன் வாங்கப் போகிறீர்களா? கருவியோடு பதிவு எண்ணும் கைமாற வேண்டும்

புது டெல்லி: திருமண நிகழ்ச்சிகளிலும் சுற்றுலாத் தலங்களிலும் வானிலிருந்து எடுக்கப்படும் காட்சிகளைக் கண்டு, தாமும் ஒரு ட்ரோன் வாங்கிப் பறக்கவிட வேண்டும் என்று விரும்புவோர் பலர். புதிய கருவியின் விலையைக் கண்டு தயங்குவோர், ஒருவர் பயன்படுத்திய ட்ரோனைக் குறைந்த விலைக்கு வாங்க இணைய விற்பனைத் தளங்களை நாடுகின்றனர். பணம் கொடுத்துப் பெட்டியைப் பெற்றுக்கொண்டதும் வாங்கல் முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர்.

ஆனால் பழைய கைப்பேசி வாங்குவதைப் போன்றதன்று பழைய ட்ரோன் வாங்குவது. சட்டத்தின் பார்வையில் ட்ரோன் ஒரு வான்கலம். அதற்குப் பதிவு எண் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய உரிமையாளர் ஒருவர் உண்டு. பதிவுச் சான்று இல்லாத இருசக்கர வாகனத்தை விலை மலிவு என்பதற்காக வாங்கினால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேரும். கருவி வீட்டில் இருக்கும். அதைச் சட்டப்படி பறக்கவிட முடியாது.

எடையே முதல் கேள்வி

இந்தியாவில் ட்ரோன்களுக்கான சட்ட அடிப்படை, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகள். அவற்றின்படி, 250 கிராம் வரையிலானவை நானோ வகை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலானவை மைக்ரோ வகை. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையிலானவை சிறிய வகை. அதற்கு மேற்பட்டவை நடுத்தர, பெரிய வகைகளில் அடங்கும். பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோர் வாங்குபவை பெரும்பாலும் முதல் இரு வகைகளைச் சேர்ந்தவையே.

நானோ ட்ரோனை இயக்குவோருக்கும், வணிக நோக்கமின்றி மைக்ரோ ட்ரோனை இயக்குவோருக்கும் தொலை விமானி சான்றிதழ் தேவையில்லை. நானோ ட்ரோன்களுக்கு வகைச் சான்றிதழும் தேவையில்லை. பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்கப்படும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி வான்கலங்களுக்கும் வகைச் சான்றிதழில் விலக்கு உண்டு. ஆனால் இந்த விலக்கு பயன்பாட்டைப் பொறுத்தது. பொழுதுபோக்குக்கு என்று வாங்கிய மைக்ரோ ட்ரோனைக் கொண்டு பணம் பெற்றுத் திருமணப் படப்பிடிப்பில் இறங்கினால், விமானி சான்றிதழ் விலக்கும் மாதிரி வான்கல விலக்கும் பொருந்தா.

பழைய ட்ரோன் வாங்குவோர் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எடை என்பது பேட்டரி உட்பட, பறக்கும் நிலையில் உள்ள மொத்த எடை. 249 கிராம் என்று விளம்பரப்படுத்தப்படும் ட்ரோனில், கூடுதல் நேரம் பறப்பதற்கான பெரிய பேட்டரியையோ இறக்கைக் காப்பு வளையங்களையோ முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்தால், அது 250 கிராமைத் தாண்டி மைக்ரோ வகைக்குச் சென்றுவிடும். விற்பனையாளர் தரும் அதே பேட்டரியுடன் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

பதிவு எண் யார் பெயரில் உள்ளது?

விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டாலன்றி, பதிவு செய்து தனித்துவ அடையாள எண் பெறாமல் எந்த ட்ரோனையும் இயக்கக் கூடாது என்பதே பொது விதி. யுஐஎன் எனப்படும் இந்த எண், ட்ரோனின் தயாரிப்பு வரிசை எண்ணுடன் மட்டுமன்றி, அதன் பறத்தல் கட்டுப்பாட்டுப் பகுதியின் எண்ணுடனும், தரையிலிருந்து இயக்கும் ரிமோட்டின் எண்ணுடனும் இணைக்கப்படுகிறது.

பழைய ட்ரோன் சந்தையில் இது மிக முக்கியமானது. ரிமோட் தொலைந்து வேறொன்று வாங்கியிருக்கலாம். விபத்துக்குப் பின் உட்பகுதி மாற்றப்பட்டிருக்கலாம். அந்த மாற்றங்கள் பதிவில் புதுப்பிக்கப்படவில்லை என்றால், காகிதத்தில் இருக்கும் ட்ரோனும் கையில் இருக்கும் ட்ரோனும் வேறு வேறு. எனவே பெட்டியிலும் கருவியிலும் ரிமோட்டிலும் உள்ள வரிசை எண்களைப் பதிவு விவரங்களுடன் ஒப்பிட்ட பின்னரே விலை பேச வேண்டும்.

ட்ரோனை விற்பனை, குத்தகை, அன்பளிப்பு என எந்த வழியில் மற்றவருக்கு அளித்தாலும், கொடுப்பவர், பெறுபவர், அடையாள எண் ஆகிய விவரங்களுடன் டி-3 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 100 ரூபாய். தொடக்கத்தில் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வழங்கப்பட்ட பதிவுச் சேவைகள், பின்னர் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் இஜிசிஏ தளத்துக்கு மாற்றப்பட்டன. பதிவுக்கும் உரிமை மாற்றத்துக்கும் பாஸ்போர்ட் எண் கட்டாயம் என்ற நிலை 2024 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தால் நீங்கியது. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு வழங்கிய அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் இப்போது போதுமானவை.

100 ரூபாய்க்கும் சில நிமிடங்களுக்கும் தயங்கி இதைத் தவிர்ப்பது இருவருக்கும் ஆபத்து. வாங்கியவர் தமக்குப் பதிவில்லாத வான்கலத்தை இயக்குகிறார். விற்றவரோ, ட்ரோன் கையைவிட்டுப் போன பின்னும் பதிவேட்டில் உரிமையாளராக நீடிக்கிறார். விமான நிலையம் அருகே அந்த ட்ரோன் பிடிபட்டால், அடையாள எண்ணைக் கொண்டு விசாரணை முதலில் செல்லும் முகவரி அவருடையதே.

பதிவு எண்ணே இல்லை என்றால்?

‘இது பழைய மாடல், அப்போது பதிவு கிடையாது’ என்பது விற்பனையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் விளக்கம். சிலர் ஓர் ஒப்புகை எண்ணைக் காட்டி, பதிவு முடிந்துவிட்டது என்பர். 2020 ஜனவரியில், நாட்டில் உள்ள ட்ரோன்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்குமாறு மத்திய அரசு கேட்டுக்கொண்டது. அப்போது உரிமையாளருக்கும் ட்ரோனுக்கும் ஒப்புகை எண்கள் வழங்கப்பட்டன. அந்த எண்கள் ட்ரோனை இயக்கும் உரிமையைத் தருவதில்லை என்று அப்போதே தெளிவுபடுத்தப்பட்டது. ஒப்புகை எண்ணும் யுஐஎன்னும் ஒன்றல்ல.

வெளிநாட்டுத் தயாரிப்புகளில் கூடுதல் கவனம் தேவை. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, முழுமையாகவோ பகுதி பகுதியாகப் பிரித்தோ வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்ற நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே, ‘உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, ஒருமுறைகூடப் பறக்கவில்லை’ என்று விற்கப்படும் ட்ரோன், புதுமையால் கவர்ந்தாலும் சட்டப்படி மிகவும் சிக்கலானது. விமானப் பயணி ட்ரோன் கொண்டுவந்தால் சுங்கத் துறையிடம் அதை அறிவிக்க வேண்டும். ரசீதும் பதிவு எண்ணும் இல்லாத அத்தகைய கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்ப்பதே அறிவுடைமை.

விலையை எதனுடன் ஒப்பிடுவது?

2025 செப்டம்பர் 22 முதல் அனைத்து ட்ரோன்களுக்கும் ஜிஎஸ்டி ஒரே சீராக 5 சதவீதம். அதற்கு முன், கேமரா இணைந்தவற்றுக்கு 18 சதவீதமும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு 28 சதவீதமும் வசூலிக்கப்பட்டன. விற்பவர் தாம் அன்று கொடுத்த விலையிலிருந்து கணக்கிட்டுச் சலுகை பேசுவார். வாங்குபவர் அதே வகைப் புதிய கருவியின் இன்றைய விலையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வரிக் குறைப்பைச் சேர்த்துப் பார்த்தால், பழையதற்கும் புதியதற்கும் உள்ள இடைவெளி எண்ணியதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

கருவியில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

ஆவணங்கள் சரியாக இருந்தால் அடுத்தது கருவியின் உடல்நிலை. பேட்டரியே இங்கு முதன்மை. லித்தியம் பேட்டரியைச் சமதளத்தில் வைக்கும்போது அது தடுமாறினாலோ, உறை புடைத்திருந்தாலோ, அதை ஏற்கக் கூடாது. உப்பிய பேட்டரி பறக்கும்போது திடீரெனச் செயலிழக்கலாம். மின்னேற்றம் செய்யும்போது தீப்பிடிக்கவும் கூடும். பல ட்ரோன்களின் செயலியில், பேட்டரி எத்தனை முறை மின்னேற்றம் செய்யப்பட்டது என்பதும், உள்ளறைகளின் மின்னழுத்தமும் தெரியும். ஓர் அறை மற்றவற்றிலிருந்து கணிசமாக வேறுபட்டால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிவை நெருங்குகிறது என்று பொருள்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் மெல்லச் சுழற்ற வேண்டும். நான்கும் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஒன்றில் மட்டும் உராய்வு ஒலி கேட்டால் மணல் புகுந்திருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். மடக்கும் கைகளின் மூட்டுகளில் விரிசல், திருகுகளைச் சுற்றிக் கீறல், இணைப்பு முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்த துரு ஆகியவை விபத்தையும் நீரில் விழுந்ததையும் காட்டிக்கொடுக்கும். சுழல் இறக்கைகளின் விலை குறைவு. அவை எப்படி இருந்தாலும் புதியவற்றை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

சில நிறுவனங்களின் ட்ரோன்கள் முதல் உரிமையாளரின் இணையக் கணக்குடன் பிணைக்கப்பட்டிருக்கும். அவர் தம் கணக்கிலிருந்து கருவியை நீக்காவிட்டால் புதியவரால் முழுமையாக இயக்க இயலாமல் போகலாம். பணம் கொடுக்கும் முன், விற்பவர் எதிரிலேயே இதைச் செய்து முடிக்க வேண்டும். இறுதியாக, பறக்க அனுமதியுள்ள திறந்த வெளியில் சோதனைப் பறத்தல் அவசியம். ஜிபிஎஸ் இணைப்பு கிடைக்கிறதா, காற்றில் ஒரே இடத்தில் நிற்கிறதா, புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்புகிறதா, கேமராவைத் தாங்கும் கிம்பல் நடுங்காமல் இருக்கிறதா என்பவற்றைச் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

ட்ரோன் சொந்தமாகிவிட்டது என்பதால் வானம் சொந்தமாகிவிடாது. 2021 செப்டம்பர் 24 அன்று மத்திய அரசு வெளியிட்ட வான்வெளி வரைபடம், நாட்டை மூன்று மண்டலங்களாகக் காட்டுகிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் இந்த உச்சவரம்பு 200 அடியாக, அதாவது 60 மீட்டராகக் குறையும். அந்த உயரங்களைத் தாண்டினால் அது மஞ்சள் மண்டலம். அங்கு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. நானோ வகைக்கும் இது பொருந்தும்.

வரைபடம் நிலையானதன்று. நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கப்படலாம். குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற காலங்களில் டெல்லி காவல்துறை ட்ரோன்களுக்குத் தடை விதிப்பது வழக்கம். மும்பை உள்ளிட்ட நகரங்களிலும் காவல்துறை அவ்வப்போது இத்தகைய உத்தரவுகளைப் பிறப்பிக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை புறப்படும் முன்பும் வரைபடத்தையும் உள்ளூர்க் காவல்துறை அறிவிப்பையும் பார்க்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்கள், தேசியப் பூங்காக்கள் போன்ற இடங்களில் அந்தந்தத் துறையின் அனுமதியைத் தனியே பெற வேண்டும்.

களத்தில் கடைப்பிடிக்க வேண்டியவை

ட்ரோன் எப்போதும் வெறும் கண்ணால் காணக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். திரையில் தெரியும் காட்சி கேமராவின் முன்புறத்தை மட்டுமே காட்டும். பக்கவாட்டில் வரும் மின்கம்பியையும் பருந்தையும் காட்டாது. கூட்டத்துக்கு மேலோ, போக்குவரத்து மிகுந்த சாலைக்கு மேலோ பறக்கவிடக் கூடாது. விமானமோ ஹெலிகாப்டரோ வருவதாகத் தெரிந்தால் உடனே தாழ்த்தி இறக்க வேண்டும். ஆள் உள்ள வான்கலத்துக்கே வழியுரிமை.

வட இந்தியக் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பொதுப் பயன்பாட்டு ட்ரோன்கள் பலவற்றின் இயக்க வெப்ப வரம்பு அந்த 40 டிகிரியிலேயே முடிகிறது. நண்பகலில் பறக்கவிடுவதும், வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுச்செல்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. குஜராத்தில் ஜனவரியில் கொண்டாடப்படும் உத்தராயண் போன்ற பட்டத் திருவிழாக் காலங்களில், வானில் குறுக்கும் நெடுக்குமாக உள்ள மாஞ்சா நூல் சுழல் இறக்கைகளில் சிக்கினால் ட்ரோன் கல்லைப் போல விழும்.

பேட்டரியில் 30 சதவீதம் எஞ்சியிருக்கும்போதே திரும்பத் தொடங்குவது நல்லது. பழைய பேட்டரியில் இது இன்னும் முக்கியம். அதன் கடைசிச் சதவீதங்கள் திரையில் காட்டப்படுவதைவிட வேகமாகக் கரையும். விமானத்தில் பயணம் செய்வோர், உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது.

தவறு நேர்ந்தால்

நானோ வகை தவிர மற்ற ட்ரோன்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். விபத்து நேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் இணையதளம் வழியாக டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். ட்ரோன் விதிகளை மீறுவோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தாலோ, பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுத்தாலோ, பாரதிய நியாய சம்ஹிதையின் கீழ்க் குற்ற வழக்கும் தொடரப்படலாம். அண்டை வீட்டு மாடியும் முற்றமும் கேமராவில் விழாதபடி பார்த்துக்கொள்வது மரியாதை மட்டுமன்று, தற்காப்பும்கூட.

மொத்தத்தில், பழைய ட்ரோன் வாங்குவோர் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். கேமராவின் தரமும் பறக்கும் நேரமும் பிறகு வரட்டும். முதலில் அடையாள எண், அடுத்து ரசீதும் வரிசை எண்களும், அதன் பின் பேட்டரி, கடைசியாகவே விலை. உரிமை மாற்ற விண்ணப்பம் நிறைவேறும் வரை தொகையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கலாம். தம் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்க வேண்டும் என்று விரும்பும் நேர்மையான விற்பனையாளர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.