உருக்கும் சுங்கச் சுவரும்

"வெளிநாட்டு உருக்குக்கு வரி போட்டுவிட்டார்கள், அந்நியனுக்கு நல்ல பாடம்!" என்று மகிழ்வோர் நம் விடுதியிலும் உண்டு. ஆனால் அந்த வரியைக் கட்டுவது யார்? நான் பௌதிகம் படிப்பவன். பொருளாதாரம் என் துறையன்று. எனினும் இதற்கு எளிய கணக்கே போதும்.

ஒரு டன் அயல்நாட்டு உருக்குத் தகடு துறைமுகத்தில் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வரி 6,000 ரூபாய். அதைச் செலுத்துபவர் இங்குள்ள இறக்குமதி வியாபாரி. அவர் அதை விலையில் ஏற்றிவிடுவார். அந்நியன் சில சமயம் விலையைக் குறைத்துப் பாரத்தில் ஒரு பங்கை ஏற்பதும் உண்டு. அதோடு முடிந்ததா? இதுவரை 50,000 ரூபாய்க்கு விற்ற உள்நாட்டு ஆலையும் இனி 55,000 கேட்கலாம். அந்த 5,000 கஜானாவுக்குப் போவதில்லை, ஆலைக்குப் போகிறது. கொடுப்பவர் கரூரில் பஸ் கூண்டு கட்டுபவர், பீரோ செய்யும் பட்டறைக்காரர், முடிவில் அவற்றைப் பயன்படுத்தும் நாம்.

அப்படியானால் வரியே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று.

பின்னர் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்ற சாக்சியில், டாடா ஆலை 1912-ல் முதன்முதலாக உருக்கு வார்த்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய உருக்கு மலிவாக வந்து குவியவே, ஆலை தள்ளாடியது. அப்போது, 1921-22-ல் அமைந்த நிதிக் கமிஷன் ஒரு நெறி வகுத்தது. கேட்ட தொழிலுக்கெல்லாம் காப்பு இல்லை. காப்புப் பெறும் தொழிலுக்கு இயற்கை வசதிகள் இருக்க வேண்டும். காப்பின்றி அது வளர இயலாததாக இருக்க வேண்டும். ஒரு நாள் காப்பை விட்டு உலகப் போட்டியில் நிற்கவும் வல்லதாக வேண்டும். இந்நெறிப்படி ஆராய்ந்தபின் 1924-ல் உருக்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. கட்டிடத் தூலங்களுக்கு டன்னுக்கு 30 ரூபாய் வரி விதித்தவர்கள், ரயில் தண்டவாளத்துக்கு நேரே உதவித்தொகை அளித்தார்கள்: முதலாண்டு டன்னுக்கு 32 ரூபாய், மறு ஆண்டு 26, மூன்றாமாண்டு 20. வரி விலைக்குள் ஒளிந்துகொள்ளும். உதவித்தொகையோ அரசாங்கக் கணக்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆண்டுதோறும் அது குறையும் என்பதும் முன்கூட்டியே தெரியும். குழந்தைக்கு நடைவண்டி தரும்போதே, அதை விட்டு நடக்கவேண்டிய நாளையும் நினைவூட்டியது போல!

எல்லாம் திட்டப்படி நடந்துவிடவில்லை. வெளிநாட்டு விலை மேலும் வீழ்ந்ததால் கூடுதல் உதவி தேவைப்பட்டது. 1927-ல் பிரிட்டிஷ் உருக்குக்கு மட்டும் சலுகை வரி என்ற ஓரவஞ்சனையும் புகுந்தது. ஆயினும் இரண்டாம் உலகப் போருக்குள் ஆலையின் உற்பத்தி பல மடங்கு பெருகிவிட்டது.

இனி இன்றைய நிலை. 2024-ல் உலக உருக்கில் பாதிக்கு மேல் சீனா செய்தது. இரண்டாம் இடம் நமக்கே. எனினும் மலிவுச் சரக்கின் வெள்ளத்துக்கு அஞ்சி, 2025 ஏப்ரல் 21 அன்று தகடு, சுருள் வகைகள் பலவற்றுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீதத் தற்காலிக வரி விதிக்கப்பட்டது. குறித்த விலைக்கு மேல் வரும் சரக்குக்கு அவ்வரி இல்லை. டிசம்பரில் அதை மூன்றாண்டுக்கு நிலைப்படுத்தினர்: 12, பிறகு 11.5, பிறகு 11 சதவீதம்.

இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று தவழும் பிள்ளைக்கு மூன்றாண்டில் 32 ரூபாயை 20 ஆக்க முனைந்தார்கள். இன்று வளர்ந்த ஆளுக்கு மூன்றாண்டில் 12 சதவீதம் 11 ஆகிறது! வெள்ளத்துக்கு அணை தேவைதான். ஆனால் அணைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

மின்மாற்றிகளுக்கு வேண்டிய சிறப்பு உருக்குக்கு நாம் பெரிதும் அயல்நாட்டையே நம்பி வந்திருக்கிறோம். அதற்கு இவ்வரியும் இல்லை. அதைச் செய்யும் அறிவைச் சுங்கச் சுவர் தந்துவிடாது. அது ஆய்வுக்கூடத்திலும் உலைக்களத்திலும் பிறக்க வேண்டும். சுவர் வாங்கித் தருவது காலம் ஒன்றைத்தான். அதற்கு விலை கொடுப்பவர் பட்டறைக்காரர். ஆகவே, "வரி வந்ததா?" என்று கேட்பதோடு நில்லாமல், "அது போவதற்குள் ஆலை என்ன கற்றுக்கொள்ளும்?" என்றும் கேட்போம்.