வகுப்பறையும் கைபேசியும்

கல்விக்கு முதல் தேவை கவனம். ஆசிரியர் எத்துணைப் புலமை உடையவராயினும், மாணவனின் உள்ளம் வேறிடத்தில் உலவுமானால், அவருடைய சொல் செவியோடு நின்றுவிடும். இன்று அவ்வுள்ளத்தைக் கவர்ந்து நிற்பது உள்ளங்கையளவே உள்ள கைபேசி என்பது கண்கூடு. அதனைப் பள்ளிக்குள் விடுவதா, வாயிலிலேயே நிறுத்துவதா? உலகின் பல நாடுகள் இவ்வினாவுக்கு விடை தேடியுள்ளன.

பிரான்சு நாடு 2018 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றியது. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பயிலும் மாணவர்கள் பள்ளி வளாகத்தில் கைபேசியைப் பயன்படுத்தலாகாது என்றது அச்சட்டம். எனினும், பாடத்தின் பொருட்டு ஆசிரியர் இசைந்தபோதும், மாற்றுத்திறனாளி மாணவருக்கு அது துணைக்கருவியாக அமையும்போதும் விலக்கு அளித்தது. நெதர்லாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2024 ஜனவரி முதல் வகுப்பறைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. பிரேசில் 2025 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்தது.

இங்கிலாந்தின் கல்வித்துறை 2024 பிப்ரவரியில் பள்ளிகளுக்கு நான்கு வழிகளைக் காட்டிற்று. கைபேசியைப் பள்ளிக்குக் கொண்டுவராதிருத்தல் ஒன்று. வந்தவுடன் ஒப்படைத்து, திரும்புகையில் பெற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. பூட்டிய பெட்டியில் வைத்தல் மூன்றாவது. தம்மிடமே வைத்திருப்பினும், அதனைப் பயன்படுத்தாமலும், பிறர் காணாமலும், ஒலி கேளாமலும் காத்தல் நான்காவது. தொலைவிலிருந்து தனியே வரும் பிள்ளைக்குக் கைபேசி தேவைப்படலாம். அத்தகையோருக்கு இரண்டாவது வழி ஏற்றதன்றோ?

இக்கட்டுப்பாட்டால் விளைந்த நன்மை யாது? இலண்டன் பொருளியல் கல்லூரியின் வாயிலாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தவர்கள், கைபேசியைத் தடுத்த பின்னர் மதிப்பெண்கள் உயர்ந்ததைக் கண்டனர். முன்னணியில் இருந்த மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மிகுதியும் பயன் பெற்றவர்கள் பின்தங்கிய மாணவர்களே.

இவ்வுண்மை நம் சிந்தனைக்கு உரியது. வசதியுள்ள பிள்ளை வகுப்பில் தவறவிட்டதைத் தனிப்பயிற்சியால் ஈடுசெய்துகொள்வான். வீட்டில் பாடம் சொல்லித்தர எவருமில்லாத பிள்ளைக்கோ, வகுப்பறையில் கழியும் அந்த நேரமே முழு மூலதனம். கைபேசி அதனைக் களவாடும்போது, அவன் இழப்பதை மீட்டுத் தருவார் யார்?

ஆயினும், பள்ளி கதவடைத்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் 12 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடையே நடத்திய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. கண்டிப்பான பள்ளியிலும் கண்டிப்பற்ற பள்ளியிலும் பயில்வோரின் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நாள் முழுவதிலும் கைபேசியில் மிகுந்த நேரம் செலவிடுவோரிடமோ, மனநலக் குறைவும் உறக்கக் குறைவும் சேர்ந்தே காணப்பட்டன. பள்ளியில் காத்த சில மணி நேரத்தை மாலையும் இரவும் விழுங்கிவிடுமாயின், பள்ளியின் முயற்சி எங்ஙனம் நிறைவுறும்?

ஆகவே, பள்ளி வாயிலில் தொடங்கும் பொறுப்பு வீட்டு வாயிலில் முடிந்துவிடுவதில்லை. இரவு உறங்கச் செல்லுமுன் வீட்டிலுள்ளோர் அனைவருடைய கைபேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். உணவு வேளையில் அவை விலகியிருக்கட்டும். வகுப்பு நேரத்தில் பிள்ளையை நேரே அழைக்காமல், அவசரச் செய்தியாயின் பள்ளி அலுவலகத்தின் வழியாகத் தெரிவிப்போம். பிள்ளை தவறினால், பலர்முன் இழிவுபடுத்துவதும் கருவியைப் பிடுங்கி உடைப்பதும் தீர்வாகா. காரணத்தைச் சொல்லி, எல்லையை வகுத்து, அதில் உறுதியாக நிற்றலே நலம்.

அனைத்திற்கும் மேலாக, அத்தாவின் கண் திரையை விட்டு அகலாதிருக்க, உம்மாவின் கை கைபேசியை விடாதிருக்க, பிள்ளைக்கு மட்டும் சொல்லும் அறிவுரை எவ்வாறு எடுபடும்? பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கவனமும் அந்த அமானிதத்தில் அடங்கியதே. அதனைப் பேணிக் காத்தல் பள்ளியும் வீடும் சேர்ந்து ஆற்றவேண்டிய கடமையாகும்.