நஞ்சைப் பற்றும் கரி: அளவு எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவரை அழைத்து வரும் குடும்பத்தினரிடம் நாங்கள் முதலில் கேட்பவை மூன்று: எந்த மாத்திரை, எத்தனை, எப்போது? பதற்றமான அவ்வேளையில் இக்கேள்விகள் காலத்தை வீணாக்குவதாகச் சிலருக்குத் தோன்றலாம். நோயாளிக்குக் கரி கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதை இவ்விடைகளைக் கொண்டே முடிவு செய்கிறோம்.

இங்குக் குறிப்பிடப்படுவது அடுப்புக்கரி அன்று. மருத்துவத்துக்கெனப் பதப்படுத்தப்பட்ட கிளர்வூட்டிய கரி. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இதில் நிறைந்துள்ளன. அவற்றின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரு கிராம் கரியின் பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட் நிலம், இருக்கும். கரைசலில் உள்ள மருந்து மூலக்கூறுகள் இப்பரப்பில் ஒட்டிக்கொள்வதையே பரப்புக் கவர்தல் என்கிறோம். கரி செரிப்பதில்லை, குருதியில் கலப்பதும் இல்லை. பற்றிய மருந்துடன் மலத்தில் வெளியேறிவிடும்.

கரி எவ்வளவு பற்றும் என்பதை ஆய்வகத்தில் எளிதாக அறியலாம். 0.6 கிராம் அசெட்டிக் அமிலம் கரைந்த 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் கரியை இட்டுக் குலுக்கி வடிகட்டியபின், நீரில் 0.4 கிராம் அமிலம் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். குறைந்த 0.2 கிராம் கரியில் ஒட்டியுள்ளது. ஆகவே ஒரு கிராம் கரி பற்றியது 0.1 கிராம். கரைசலில் அமிலத்தைக் கூட்டினால் கரி பற்றும் அளவும் கூடும். ஆனால் பரப்பில் இடம் நிரம்பியதும் அது நின்றுவிடும். இவ்வரம்பை 1918ஆம் ஆண்டில் லாங்மியூர் என்னும் அறிவியலாளர் சமன்பாடாக வகுத்தார்.

மருத்துவமனையில் இக்கணக்கு இன்னும் எளிய வடிவில் பயன்படுகிறது: மருந்தின் எடையைப் போலப் பத்து மடங்கு கரி. ஆஸ்பிரினும் ஓர் அமிலமே. ஒருவர் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 15 விழுங்கியிருந்தால் மொத்தம் ஏறத்தாழ 5 கிராம். அதற்குரிய கரி 50 கிராம். எண்ணிக்கை தெரியாதபோது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்பது பொதுவான அளவு. அச்சத்தாலோ கூச்சத்தாலோ எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் கணக்கு பிழைத்துவிடும். காரணம் எதுவாயினும் உண்மையைக் கூறுங்கள்.

நேரமும் கணக்கில் சேரும். குடலைக் கடந்து குருதியில் கலந்துவிட்ட மருந்தைப் பெரும்பாலும் கரியால் பற்ற இயலாது. ஆதலால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதே மிகுந்த பயன் தரும். ஆஸ்பிரின் நஞ்சுக்குக் கரி மட்டும் போதாது. சிலருக்குச் சிரைவழி மருந்துகளும், கடுமையான நிலையில் டயாலிசிசும் தேவைப்படும்.

எல்லா நஞ்சுக்கும் கரி உதவாது. கழிவறை தூய்மையாக்கும் அமிலத்தை அது போதுமான அளவு பற்றாது. அந்த அமிலம் பட்ட இடத்தை உடனே அரிக்கும். அங்குக் கரி கொடுத்தால் உள்நோக்கிப் பரிசோதனைதான் தடைப்படும். மண்ணெண்ணெய், மதுச்சாரம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் கரி பயன்படாது.

இத்தகைய வேளையில் குடும்பத்தினர் செய்ய வேண்டியவை சில. 108ஐ அழையுங்கள். மாத்திரை அட்டை, புட்டி, எஞ்சிய மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். விரலை விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வீட்டில் எந்தக் கரியையும் கரைத்துக் கொடுக்காதீர்கள். மயக்க நிலையில் அது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து.

சிகிச்சைக்குப் பின் மலம் கறுத்துப் போவது இயல்பே; அதைக் கண்டு அஞ்ச வேண்டா. நீங்கள் கொண்டுவரும் வெற்று மாத்திரை அட்டையிலிருந்தே எங்கள் கணக்கு தொடங்குகிறது.