மெலிந்த கலவையும் மிகுந்த வெப்பமும்

மோட்டார் வண்டி கொதிக்குமாயின் யாவரும் முதலில் நோக்குவது ரேடியேட்டரையே. நீர் குறைந்ததோ, விசிறியின் பெல்ட் தளர்ந்ததோ என ஆராய்தல் முறையேயாம். ஆயினும் அவையெல்லாம் செவ்வனே இருக்கவும் எஞ்சின் கொதிப்பதுண்டு. அத்தகையதொன்றைத் திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில் யாம் கண்டோம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வாழையிலைக் கட்டுகளை ஏற்றிவரும் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று, விடியற்கால நெரிசலில் நின்ற நிலையிலேயே குலுங்கிக் கொதித்தது. காவிரிப் பாலத்தின்மேல் ஓடுங்கால் ஒருவாறு அடங்கியிருந்ததாம். அதற்குடையவராகிய பெரியவர் ரேடியேட்டரைச் செப்பனிடக் கைப்பொருளைச் செலவழித்திருந்தார். இனி எஞ்சினையே இறக்கவேண்டுமென்று எவரோ கூறிவிட்டனர். பத்து நாள் வண்டி நின்றால் இலை ஏற்றும் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடுமே என்று அவர் வருந்தினார்.

பெட்ரோல் முற்றும் எரிதற்கு அதன் எடையைப்போலச் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். காற்று இதனின் மிகுமாயின் கலவை மெலிந்ததாம். மெலிந்த கலவை மெல்ல எரியும். பிஸ்டனைத் தள்ளித் தீரவேண்டிய தீ, புகை வெளியேறும் வால்வு திறக்கும்பொழுதும் எரிந்துகொண்டே செல்லும். அவ்வெப்பத்தை வால்வும் சூழ்ந்துள்ள நீரும் ஏற்கின்றன. குறைய உண்டு கொதிக்கும் இவ்விந்தை, தமிழ் பயிலும் எமக்கு எளிதில் விளங்கவில்லை.

அங்கு வந்த மெக்கானிக் ஒருவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். முனைகள் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தன. அவற்றை மீண்டும் பொருத்தி, எஞ்சினை இயக்கிச் சோக்கைச் சிறிது இழுத்தார். அஃதாவது காற்றைக் குறைத்தார். குலுக்கல் நின்றது. கலவை மெலிந்ததென்பது தெளிவாயிற்று. பெட்ரோல் குறைந்ததா, காற்று மிகுந்ததா என்பதே அடுத்த வினா. பம்பு தளர்ந்தோ வடிகட்டி அடைத்தோ இருப்பின், பாரத்தோடு ஓடும்பொழுதே துன்பம் மிகும். இவ்வண்டியோ நின்றவிடத்தில் வருந்தியது. த்ராட்டில் மூடியுள்ள பொழுதுதான் எஞ்சின் வலிதாக உறிஞ்சும். அப்பொழுது சிறு பிளவும் பெருவாயிலாகும். சூடு தணிந்தபின் மீண்டும் இயக்கி, கார்புரேட்டரின் அடி இணைப்பில் சில துளி எண்ணெய் விட்டார். எஞ்சினின் ஓசை உடனே மாறிற்று. அங்குள்ள கேஸ்கட் கிழிந்திருந்தது!

புதியது இட்டபின் கொதிப்பு நின்றது; பிளக்குகளின் வெண்மையோ முற்றும் மாறவில்லை. இதற்குக் காரணம் பெட்ரோலேயாம். 2025ஆம் ஆண்டில் இந்தியா பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலையை எய்திற்று. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை உடையதாகலின் சுமார் 9 மடங்கு காற்றே அதற்குப் போதும். கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 மடங்கு. புதிய வண்டிகளிற் புகைக்குழாயிலுள்ள சென்சார் இதனை உணர, எரிபொருள் கூட்டப்படும். கார்புரேட்டரோ பழைய அளவையே அளந்துகொண்டிருக்கும். ஆதலின் ஜெட்டை ஒரு படி பெரிதாக மாற்றினர்.

மறுவாரம் கழற்றிப் பார்த்தபொழுது பிளக்கின் முனை இளம்பழுப்பாயிருந்தது. பெரியவர் இழந்தது ஒரு நாள் வேலையே.