தொடர்பு அறுந்த ட்ரோன் வீடு திரும்புமா?

பாலாறு என்றவுடன் நம்மவருள் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது, நந்திமலைப் பகுதியில் தோன்றி வேலூர் வழியே கடலை நாடும் ஆறேயாகும். மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குப் பேருந்தில் சென்ற அன்பர்கள் மட்டும் மற்றொரு பாலாற்றையும் அறிவர். தமிழகமும் கன்னட நாடும் சந்திக்கும் எல்லையில், காவிரியோடு கலக்கும் சிற்றாறு அது. பாலமும் சோதனைச் சாவடியும் அங்கே உண்டு. சுற்றிலும் மலையும் காடும். பழைய மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி இப்போது சாமராசநகர் மாவட்டத்தைச் சார்ந்தது.

ட்ரோன் என்னும் ஆளில்லா விமானத்தைப் பற்றிப் பேச வந்த நாம் இவ்வூரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று நேயர்கள் வினவலாம். காரணம் இருக்கிறது. பிடியிலுள்ள கருவிக்கும் வானிலுள்ள விமானத்துக்கும் இடையே தொடர்பு அறுவது எப்படி, அறுந்தபின் விமானம் திரும்புவது எப்படி, திரும்பும்போதே அழிவது எப்படி என்னும் மூன்றையும் இத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றே விளக்கிவிடும்.

வெளிமாநிலங்களில் வாழும் நாம், இரவு வேளையில் மத்திய அலையில் தொலைதூரத் தமிழ் ஒலிபரப்பைத் தேடிப் பிடித்துக் கேட்ட அனுபவம் உடையவர்கள். அவ்வலைகள் நிலத்தைத் தழுவிச் செல்லும்; இரவில் வானத்து மின்னடுக்கில் பட்டு மீளும். பெரும்பாலான சிறு ட்ரோன்களை ஆளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இவ்வியல்புகள் இல்லை. அது ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்வது. நடுவே ஒரு மலைமுகடு குறுக்கிட்டால் அப்பால் இருப்பதற்குச் செய்தி எட்டாது. ஆற்றங்கரையில் நின்று இயக்குபவரின் விமானம் முகட்டைத் தாண்டி மறைந்த கணமே, அவர் கையிலுள்ள கருவி வெறும் பெட்டியாகிவிடுகிறது.

இந்நிலையில் விமானத்தைக் காப்பதற்கென்று அமைந்த ஏற்பாட்டைப் பொறியாளர்கள் 'ஃபெயில்சேஃப்' என்பர். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள எமக்கு இச்சொல் சிறிது தொல்லை தந்தது. 'தவறாப் பாதுகாப்பு' என்று சிலர் எழுதுகின்றனர், அது பிழை. தவறவே தவறாது என்பதன்று பொருள்; தவறினாலும் தீங்கு குறைவாக முடியவேண்டும் என்பதே. 'தவறுங்காற் காப்பு' என்றால் ஓரளவு பொருந்தும்.

அது செயற்படும் முறை எளியது. புறப்படுமுன் விமானம் செயற்கைக்கோள்களின் உதவியால் தான் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறது; அதுவே அதற்கு வீடு. தொடர்பு அறுந்ததென்று உணர்ந்ததும் முன்பே குறித்த ஓர் உயரத்துக்கு ஏறி, வீட்டை நோக்கி நேரே பறந்து, மேலே சற்று நின்று, பின் இறங்குகிறது. பலரும் பயன்படுத்தும் ஆர்டுபைலட் என்னும் இலவச மென்பொருளில், நாம் மாற்றாதவரை இவ்வுயரம் 15 மீட்டர். விமானம் ஏற்கெனவே அதற்கு மேல் பறந்தால் அவ்வுயரத்திலேயே திரும்பும்.

இந்த 15 மீட்டர் எதிலிருந்து அளக்கப்படுவது? புறப்பட்ட இடத்திலிருந்து! தஞ்சை வயலில் அது போதும். தென்னையைத் தாண்டுமா என்பதே ஐயம். பாலாற்றுப் பள்ளத்தில் புறப்பட்ட விமானமோ, தான் சுற்றிச் சென்ற குன்றை நேரே ஊடுருவ முயன்று மோதி நொறுங்கும். ஏற்பாடு சரியாகவே வேலை செய்தது. இட்ட எண்தான் அவ்விடத்துக்கு ஒவ்வாதது.

காற்றையும் மறத்தலாகாது. வினாடிக்கு 10 மீட்டர் செல்லவல்ல விமானம், 6 மீட்டர் வேகக் காற்றோடு 1600 மீட்டர் போக 100 வினாடி ஆகும். அதே காற்றை எதிர்த்துத் திரும்ப 400 வினாடி வேண்டும். மின்கலத்தில் பாதி இருக்கிறதென்று மகிழ்ந்திருப்பவர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

வல்லரசுகளின் படைகளுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2010 ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையின் ஃபயர் ஸ்கவுட் என்னும் ஆளில்லா ஹெலிகாப்டர், மேரிலாந்தில் சோதனைப் பறப்பின்போது தொடர்பை இழந்தது. முழுச்சுமையோடு 1,400 கிலோ எடை வரக்கூடியது அது. தொடர்பு அறுந்தால் திரும்பிவந்து இறங்கும்படி வகுத்திருந்த திட்டத்தை அது செய்யவில்லை. ஏறத்தாழ 37 கிலோமீட்டர் பறந்து, வாஷிங்டன் நகரின் தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. தொடர்பு மீண்டபின்னரே திருப்பி அழைக்க முடிந்தது. மென்பொருட் குறையே காரணம் என்று கடற்படை கூறியது. காகிதத்தில் எழுதிய காப்பு ஒன்று, வானில் உள்ள காப்பு மற்றொன்று.

ஆகவேதான் சோதனை. முதற் சோதனை மேசைமேலேயே நடக்கவேண்டும்; இறக்கைச் சுழலிகளைக் கழற்றிவிட்டே நடத்தவேண்டும். இதைச் சோம்பலால் தவிர்ப்பவர் விரலை இழப்பர். விமானத்தைக் கணினியோடு இணைத்து, கையிலுள்ள கருவியை அணைத்துவிட்டு, விமானத்தின் மூளை அதனை உணர்கிறதா என்று நோக்குக. இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. சில ஏற்பிகள் தொடர்பு அறுந்ததும் கடைசியாகப் பெற்ற கட்டளையையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். 'முன்னே செல்' என்பது கடைசிக் கட்டளையாயின், விமானம் தன்னை யாரோ ஆள்வதாகவே கருதி முன்னே சென்றுகொண்டே இருக்கும், காப்பு விழித்தெழாது. கைநழுவிப் போகும் விமானங்களுள் சில இவ்வாறு போனவையே. ஏற்பி அவ்வேளையில் மௌனம் காக்கவோ, மிகத் தாழ்ந்த விசைக்குறி அனுப்பவோ அமைத்துவிட்டால் இக்குறை நீங்கும்.

அடுத்தது வெட்டவெளி. ஆட்கள் இல்லாத மைதானத்தில், முதலில் தொடர்பு இருக்கும்போதே 'திரும்பு' விசையைத் தட்டிப் பார்க்கவேண்டும். அது செம்மையாக நடந்தபின்பே, அருகிலும் தாழ்விலும் விமானத்தை நிறுத்திக் கருவியை அணைக்கலாம். ஏதேனும் கோணலாகத் தோன்றினால் உடனே கருவியை இயக்குக. ஆனால் இயக்கினால் மட்டும் ஆட்சி கைக்கு வந்துவிடாது. ஆர்டுபைலட்டில், பறப்பு முறையை மாற்றும் விசையைத் தள்ளினாலன்றி விமானம் திரும்பும் வேலையிலேயே இருக்கும். இதையறியாதவர் பதறிப்போய்க் குச்சியை ஆட்டுவதால் பயனில்லை.

நம் நாட்டில் 2018 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விமானத்துறை விதிகள், 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்குத் தானே திரும்பும் வசதியோ, பறப்பைத் தானே முடித்துக்கொள்ளும் வசதியோ வேண்டுமென்றன. அவற்றின் இடத்தை 2021இன் ட்ரோன் விதிகள் பெற்றன. அதே 2018இல் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா குழுவினர், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குருதி மாதிரியை ட்ரோனில் கொண்டுவரும் போட்டியில் இரண்டாமிடம் பெற்றனர். கண்ணுக்கு எட்டாத தொலைவில் பறக்கும் அத்தகைய பணியில் தொடர்பு அறுதல் எந்நேரமும் எதிர்பார்க்கவேண்டிய ஒன்று.

பாலாற்றை எடுத்துக்காட்டாகச் சொன்னோமேயன்றி, அங்கே சென்று சோதிக்கச் சொல்லவில்லை. மாதேசுவரன் மலைக் காடு 2013இல் வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் இசைவின்றி அங்கே ட்ரோனைப் பறக்கவிடலாகாது. பம்பாயிலோ தில்லியிலோ வாழும் நம் இளைஞர்கள் அரசின் இணைய வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்பெறும் மைதானத்தைத் தேர்ந்துகொள்க. 120 மீட்டர் உயரம் வரை அங்கே முன்னனுமதி வேண்டுவதில்லை.